குப்பை பின்னுக்கு கவுன்சில் ஃபைன் அனுப்பினால் எப்பிடி அப்பீல் செய்யிறது? கனபேர் கேக்கிற கேள்வியள்

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாற ஆக்கள் கவுன்சில் கடிதத்தை நீட்டி "இதை ஒருக்கா வாசிச்சு சொல்லுங்கோ" எண்டு கேக்கிறது இப்ப வழமையாப் போச்சு. அதில நிறைய குப்பை சம்பந்தமான கடிதம்தான். பாதிப்பேர் பயத்தில உடனயே காசைக் கட்டிப்போட்டுத்தான் கேக்க வருகினம், மிச்சப்பேர் லாச்சிக்குள்ள போட்டு மூடிவைச்சிட்டு மூண்டாவது கடிதம் வந்தாப்பிறகு வருகினம், ரெண்டுமே பிழையான வழி. நான் லோயர் இல்லை, ஆனால் இந்தச் சட்டத்தை உக்காந்து வாசிச்சிருக்கிறன், ஆக்களுக்குக் கடிதம் எழுதிக் குடுத்திருக்கிறன். கீழ இருக்கிறது இங்கிலாந்துக்கு மட்டும்தான். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில சட்டம் வேற, அங்க இருக்கிற ஆக்கள் இதை வச்சு ஒண்டும் செய்யாதேங்கோ.

கடிதம் வந்திட்டுது. முதல்ல என்னத்தைப் பாக்கிறது?

தொகையைப் பாக்காதேங்கோ, எந்தச் சட்டப் பிரிவு எண்டு பாருங்கோ. லண்டனுக்கெண்டு இருக்கிற தனிச் சட்டத்தை விட்டால் (அது கடைசிப்பக்கம் சொல்லுறன்) எல்லாமே 1990 ஆம் ஆண்டு என்விரோன்மென்டல் ப்ரொடெக்ஷன் அக்ட் எண்ட ஒரே சட்டத்துக்குள்ளதான் வரும், ஆனால் பிரிவு நம்பர் மாறினால் எல்லாமே மாறும். செக்ஷன் 46A எண்டு இருந்தால் அது வீட்டு பின் சம்பந்தமான பெனல்டி, 80 பவுணுக்கு மேல போகேலாது, முறையான அப்பீல் உரிமை இருக்கு. செக்ஷன் 33 எண்டு இருந்தால் அது ஃப்ளை டிப்பிங், அதாவது கண்ட இடத்தில குப்பை கொட்டினது எண்டு சொல்லுறாங்கள், அது 1000 பவுண் வரைக்கும் போகும், அதோட அது கிரிமினல் பக்கம். செக்ஷன் 87 எண்டால் லிட்டரிங், அதாவது ரோட்டில, பொது இடத்தில சின்னச் சின்னக் குப்பை எறியிறது, 500 பவுண் வரைக்கும். இந்த ரெண்டு பெரிய தொகையும் 2023 ஜூலையில கூட்டினது.

ஒரே ஒரு கறுப்புப் பையை பின்னுக்குப் பக்கத்தில வச்சதுக்கு ஒரு வீட்டுக்கு 46A கடிதமும் இன்னொரு வீட்டுக்கு செக்ஷன் 33 கடிதமும் வாறதை நான் பாத்திருக்கிறன், அதனாலதான் முதல்ல பிரிவைப் பாருங்கோ எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறன்.

அடுத்தது திகதி. கடிதத்தில போட்டிருக்கிற திகதி, அது வீட்டுக்கு வந்த திகதி ரெண்டையும் என்வலப்பிலேயே எழுதி வையுங்கோ. என்வலப்பை எறியாதேங்கோ.

46A எண்டால் உண்மையில என்ன? எவ்வளவு கட்டவேணும்?

2015 க்கு முந்தி பின்னைப் பிழையா வைக்கிறதே ஒரு குற்றம், கோட்டுக்குக் கொண்டுபோய் 1000 பவுண் வரைக்கும் அடிக்கலாம். அந்த வருசம் வந்த டீரெகுலேஷன் அக்ட் அதை இங்கிலாந்தில குற்றமில்லாமல் ஆக்கி, 2015 ஜூனில இருந்து இதை ஒரு சிவில் பெனல்டியா மாத்தினது. இப்ப கவுன்சில் 60 பவுணுக்கும் 80 பவுணுக்கும் இடையில ஒரு தொகையைத் தீர்மானிக்கலாம், அப்பிடி ஒண்டும் தீர்மானிக்காட்டி 60 பவுண். கெதியாக் கட்டினால் குறைக்கலாம், ஆனால் 40 க்குக் கீழ போகேலாது. ஆகவே பின் மூடி, பின் வச்ச நேரம் எண்டு சொல்லிப்போட்டு 46A இன் கீழ 150 பவுண், 400 பவுண் எண்டு கேட்டால் அந்தக் கடிதத்தில அடிப்படையிலயே ஒரு பிழை இருக்கு.

முதல்தரமே ஃபைன் போடேலுமா?

ஏலாது. இதுதான் எங்கட ஆக்களுக்குத் தெரியாத பெரிய விசயம். முதல்ல எழுத்தில ஒரு வார்னிங் தரவேணும். அந்த வார்னிங்கும் சும்மா "ஒழுங்கா பின்னை வையுங்கோ" எண்டு இருந்தால் காணாது. நீங்கள் எந்த விதியை மீறினது எண்டு சொல்லவேணும், என்ன மாதிரி மீறினது எண்டு விளங்கப்படுத்தவேணும், அதால அக்கம்பக்கத்துக்கு என்ன தொந்தரவு வந்தது அல்லது வரப்பாத்தது எண்டு சொல்லவேணும், திரும்பச் செய்தால் என்ன நடக்கும் எண்டும் சொல்லவேணும். பிழை இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கு எண்டால், உதாரணத்துக்கு பின் நாள்க்கணக்கா நடைபாதையில நிக்குது எண்டால், இத்தினை நாளுக்குள்ள எடுங்கோ எண்டு ஒரு கெடுவும் குடுக்கவேணும்.

வார்னிங் தந்து ஒரு வருசத்துக்குள்ள அதே விதியை அல்லது அதைப்போல ஒரு விதியைத் திரும்ப மீறினால், அல்லது குடுத்த கெடுவுக்குள்ள சரிசெய்யாட்டித்தான் பெனல்டி பக்கம் போகலாம். அதுக்குப் பிறகும் நேரா ஃபைன் இல்லை, முதல்ல "நாங்கள் ஃபைன் போடப்போறம்" எண்டு நோட்டிஸ் ஒஃப் இன்டென்ட் அனுப்பவேணும், உங்களுக்குப் பதில் சொல்ல 28 நாள் தரவேணும், அந்த 28 நாள் முடிஞ்சு, நீங்கள் எழுதினதையும் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் ஃபைனல் நோட்டிஸ். இந்தப் படியள்ல ஒண்டைப் பாய்ஞ்சு போயிருந்தால் அதுவே உங்கட அப்பீலுக்குப் பலமான காரணம்.

பின்னில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டவங்கள், அது வார்னிங்கா?

அனேகமா இல்லை. "உள்ள பிழையான சாமான் இருக்கு, எடுக்கேல்லை" எண்டு ஒட்டுற ஸ்டிக்கர் குப்பை எடுக்க வந்த ஆக்கள் ஒட்டுறது. மேல சொன்ன விசயம் எல்லாம் அதில எழுதியிருந்தால் வேற கதை, ஆனால் உள்ளங்கை அளவு ஸ்டிக்கரில அவ்வளவும் இருந்து நான் காணேல்லை. ஃபோன்ல சொன்னது, கதவைத் தட்டிச் சொன்னது எல்லாம் எழுத்தில தந்த வார்னிங் ஆகாது. ஸ்டிக்கரை உரிச்சு எறியமுந்தி ஒரு படம் எடுத்து வையுங்கோ, பிறகு கவுன்சில் "நாங்கள் வார்னிங் தந்தனாங்கள்" எண்டு சொன்னால் இதுதானே தந்தனீங்கள் எண்டு காட்டலாம்.

நாங்கள் போன மாதம்தான் இந்த வீட்டுக்கு வந்தனாங்கள், வார்னிங் வந்தது முந்தி இருந்தவைக்கு. இப்ப எங்களுக்கு ஃபைன் வந்திருக்கு.

வார்னிங் வீட்டுக்கு இல்லை, ஆளுக்கு. எந்த ஆளிட்ட காசு கேக்கிறாங்களோ அந்த ஆளுக்கு வார்னிங் குடுத்திருக்கவேணும். டெனன்சி அக்ரிமென்ட், கவுன்சில் டாக்ஸ் தொடங்கின திகதி இருக்கிற கடிதம் ரெண்டையும் இணைச்சு அனுப்புங்கோ, இப்பிடியான கேஸ் நீண்டுபோகாமல் கவுன்சிலிலயே முடியிறதுக்கு நல்ல வாய்ப்பு.

பின் மூடி கொஞ்சம் திறந்து இருந்ததாம், முதல்நாள் பின்னேரமே வெளியில வச்சதாம். இதுக்கெல்லாம் ஃபைன் போடலாமா?

விதியை மீறினது மட்டும் காணாது. அதால அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வந்திருக்கவேணும், அல்லது வரக்கூடியதா இருந்திருக்கவேணும், இல்லாட்டி அந்த இடத்தின்ர வடிவு சுத்தம் கெட்டிருக்கவேணும். இது சட்டத்துக்குள்ளயே எழுதியிருக்கு. அரசாங்கம் கவுன்சிலுகளுக்கு எழுதின வழிகாட்டலில தொந்தரவுக்குச் சொல்லுற உதாரணங்களைப் பாருங்கோ: வீல்செயரில வாற ஆளோ பிள்ளை வண்டில் தள்ளுற தாயோ ரோட்டில இறங்கிப் போகவேண்டிய அளவுக்கு நடைபாதையை மறைச்சு வைக்கிறது, பையளைக் கட்டாமல் நீண்ட நேரம் போட்டு நரி எலி வர விடுறது, நாள்க்கணக்கா பல பையளை அப்பிடியே விடுறது. இந்த மாதிரி ஆக்கினைதான் சட்டம் மனசில வச்சிருக்கிறது. புதன் காலமை எடுக்கிற பின்னை செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்குக் கேற்றடியில வச்சது இதுக்குள்ள எப்பிடி வரும் எண்டு கேள்வியாவே எழுதிக் கேளுங்கோ.

இன்னொண்டும் இருக்கு. தக்க காரணம் இல்லாமல் மீறியிருக்கவேணும் எண்டும் சட்டத்தில இருக்கு. ஆஸ்பத்திரியில நிண்டது, பின் களவு போனது, உடைஞ்ச பின்னை மாத்தச் சொல்லிக் கேட்டும் தராதது, லொறி வராமல் விட்டது, இதெல்லாம் தக்க காரணம்தான். வேலை கூட, மறந்துபோனன் எண்டது பெரிசா எடுபடாது, அதை எழுதிக் கடிதத்தைப் பலவீனமாக்க வேண்டாம்.

நோட்டிஸ் ஒஃப் இன்டென்ட் வந்திருக்கு. என்ன எழுதுறது?

இந்தக் கட்டம்தான் முக்கியம், எனக்குத் தெரிஞ்ச கேஸ் கனக்க இதிலயே முடிஞ்சிருக்கு. 28 நாள் எண்டது நோட்டிஸ் உங்களுக்குச் சேர்ப்பிச்ச நாளையும் சேத்துத்தான், கடைசி நாள் மட்டும் இழுக்காமல் முதல் ரெண்டு கிழமைக்குள்ள ஈமெயிலில அனுப்புங்கோ, அனுப்பினதுக்கு ஒரு கொப்பி வையுங்கோ.

கனக்க எழுதத் தேவையில்லை, ஒரு பக்கம் காணும். "நாங்கள் இருவது வருசமா இந்த ரோட்டில இருக்கிறம், ஒரு பிரச்சினைக்கும் போகாத ஆக்கள்" எண்டு தொடங்காதேங்கோ, வாசிக்கிற ஆபிசருக்கு அது தேவையில்லை. நோட்டிஸ் நம்பர், திகதி, விலாசம் முதல் வரியில. அடுத்த வரியில "இந்த பெனல்டியை நான் ஏற்கேல்லை, காரணங்கள் கீழ" எண்டு நேரா சொல்லுங்கோ. பிறகு உங்கட காரணம். கடைசியில சில ஆவணங்களைக் கேளுங்கோ: எந்த நாளில எந்தப் பின்னை எங்க வைக்கவேணும் எண்டு செக்ஷன் 46 இன் கீழ எனக்குத் தந்த நோட்டிசின்ர கொப்பி, அது எப்ப எப்பிடித் தந்தது எண்ட விபரம், எழுத்தில தந்த வார்னிங்கின்ர கொப்பி, ஆபிசர் எடுத்த படம் எல்லாம் திகதி நேரத்தோட, யாருக்கு என்ன தொந்தரவு வந்தது எண்டதுக்கு அவையிட்ட இருக்கிற பதிவு.

செக்ஷன் 46 நோட்டிசை ஏன் கேக்கிறது எண்டால், எல்லாத்துக்கும் அடித்தளம் அதுதான். கவுன்சில் உங்களுக்கு முறையா ஒரு விதியைச் சொல்லியிருந்தால்தானே நீங்கள் அதை மீறேலும்? சில இடங்களில ஒரு வண்ணத் துண்டுப்பிரசுரத்தையும் கலண்டரையும் கதவுக்குள்ளால போட்டுவிட்டு அதையே நோட்டிஸ் எண்டு சொல்லுவினம். அதில சட்டப் பிரிவு போட்டிருக்கா, உங்கட வீட்டுக்கு எண்டு தந்ததா எண்டு பாருங்கோ.

ஏஜென்சிக்குள்ளால வாற நோட்டிஸ் எண்டாலும் பதில் எழுதுற முறை ஒண்டுதான். சில கவுன்சில் இந்த வேலையைத் தனியார் கொம்பனிக்குக் குடுத்திருக்கு, கடிதத்தின்ர தலைப்பில ரெண்டு பேரும் இருந்தால் ரெண்டு பேருக்கும் அனுப்புங்கோ.

சாட்சிக்கு என்ன வச்சிருக்கவேணும்?

லொறி வராத நாளில கவுன்சில் வெப்சைட்டில ரிப்போட் பண்ணினால் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், அந்த நம்பர் தங்கம். "பக்கத்து வீட்டு ஆக்களும் சொல்லுவினம்" எண்டு நூறு வரி எழுதுறதை விட அந்த ஒரு நம்பர் கூடப் பேசும். பின்னை வெளியில வைக்கேக்க ஃபோனில ஒரு படம். படத்தை வாட்ஸப்பில அனுப்பி வாங்கினால் எடுத்த நேரம் போயிடும், எடுத்த ஃபோனில இருக்கிற மூலப் படத்தை அழிக்காதேங்கோ. கதவில கமரா பூட்டியிருந்தால் அந்த வீடியோவை உடனே இறக்கி வையுங்கோ, அது கொஞ்ச நாளில தானா அழிஞ்சிடும். பக்கத்து வீட்டு ஆக்கள் உதவி செய்ய விரும்பினால் நாலு வரி எழுதி, பேர், விலாசம், திகதி போட்டு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ.

கவுன்சில் எடுத்த படத்தையும் பெருப்பிச்சுப் பாருங்கோ. ஒரு தம்பிக்கு வந்த கடிதத்தில, லைட் கம்பத்துக்குக் கீழ ஒரு கறுப்புப் பை, அதில பார்சல் லேபிள், லேபிளில அவரின்ர பேர். ஆள் ஆடிப்போனார். படத்தைப் பெருப்பிச்சால் பின்னால அவரின்ர வீட்டு பின் மூடி திறந்தபடி சரிஞ்சு கிடக்குது, பைக்குப் பக்கத்தில கிழிஞ்ச பொலித்தீன் துண்டும் கோழி எலும்பும் சிதறிக் கிடக்குது. நரி இழுத்துக்கொண்டு போன பை எண்டு ரோட்டில நிக்கிற எவருக்கும் விளங்கும். அதைச் சுட்டிக்காட்டி அரைப் பக்கக் கடிதம் எழுதினம், நோட்டிசை கவுன்சில் திருப்பி எடுத்தது.

ஃபைனல் நோட்டிசே வந்திட்டுது. இனி எங்க அப்பீல் பண்ணுறது?

ஃபர்ஸ்ட் டியர் ட்ரைபியூனல், அதுக்குள்ள ஜெனரல் ரெகுலேட்டரி சேம்பர் எண்ட பிரிவு. இது கவுன்சிலுக்குக் கீழ இல்லை, தனி நீதிமன்ற அமைப்பு, அதின்ர ஆபீஸ் லெஸ்டரில இருக்கு. ஃபோம் கவ் டொட் யூகே தளத்தில எடுக்கலாம், ஈமெயிலில அனுப்பலாம். நோட்டிஸ் அனுப்பின திகதியில இருந்து 28 நாளுக்குள்ள போய்ச் சேரவேணும். இதில கவனியுங்கோ, உங்கட கைக்கு வந்த நாளில இருந்து இல்லை, அவங்கள் அனுப்பின நாளில இருந்து. பிந்தினால் ஏன் பிந்தினது எண்டு அதே ஃபோமில காரணம் சொல்லி நேரம் கேக்கலாம், தாறதும் விடுறதும் ட்ரைபியூனலின்ர கையில.

ஃபைனல் நோட்டிசின்ர கொப்பியைக் கட்டாயம் இணைக்கவேணும். நீங்கள் முந்தி எழுதின கடிதம், கவுன்சில் தந்த பதில், படங்கள் எல்லாத்தையும் ஒழுங்கா நம்பர் போட்டு அனுப்புங்கோ. அப்பீல் போட்டால் முடிவு வரும்மட்டும் காசு கட்டத் தேவையில்லை, கட்டவேண்டிய கடமை இடைநிறுத்தத்தில இருக்கும்.

ட்ரைபியூனலில என்ன நடக்கும்? லோயர் வேணுமா? தோத்தால் செலவு வருமா?

கவுன்சில் தன்ர பதிலை எழுத்தில குடுக்கும், அதுக்கு நீங்கள் திரும்பப் பதில் எழுதலாம். பிறகு நீதிபதி பேப்பரைப் பாத்தே முடிவெடுக்கலாம், இல்லாட்டி விசாரணை வைக்கலாம், அது வீடியோவிலயும் நடக்கும். பேப்பரில முடிக்கிறது சுகம்தான், ஆனால் உங்கட கேஸ் "நான் செய்யேல்லை" எண்ட ஒரு வார்த்தையில நிக்குது எண்டால் விசாரணை கேளுங்கோ, நேரில சொல்லேக்க வாற நம்பிக்கை பேப்பரில வராது.

இந்த அப்பீலுக்கு ஃபீஸ் இல்லை. லோயர் தேவையில்லை, உங்கட பிள்ளையோ சிநேகிதரோ உங்களுக்காகக் கதைக்கலாம். ரெண்டு பக்கமும் தங்கட தங்கட செலவைப் பாக்கிறதுதான் வழமை, ஒரு பக்கம் நியாயமில்லாமல் நடந்தால் மட்டும்தான் மற்றப் பக்கத்தின்ர செலவைக் கட்டச் சொல்லுவினம். பொய்ச்சாட்சி குடுக்கிறது, சொன்ன கெடுவை எல்லாம் தட்டிக்கழிக்கிறது அந்த மாதிரி. 80 பவுணுக்கு அப்பீல் போட்டால் வீடு போயிடும் எண்டு ஆரோ வெருட்டினதாச் சொல்லி ஒரு அம்மா கலங்கிக்கொண்டு வந்தா. அப்பிடி ஒண்டும் இல்லை.

ஆனால் ஒண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ, ட்ரைபியூனலுக்கு ரெண்டே ரெண்டு வழிதான்: பெனல்டியை எடுத்துவிடலாம் அல்லது உறுதிப்படுத்தலாம். பாதியாக் குறைச்சுத் தாங்கோ எண்டு கேட்டுப் பிரயோசனமில்லை. உறுதிப்படுத்தினால் தீர்ப்பு வந்த நாளில இருந்து 28 நாளுக்குள்ள கட்டவேணும், கெதியாக் கட்டினால் தாறம் எண்ட கழிவும் அப்ப கிடைக்காது. ஆகவே வார்னிங்கும் சரி, படமும் சரி, நீங்கள் செய்ததும் உண்மை எண்டால் 40 பவுணோட முடிக்கிறது மானக்கேடு இல்லை. கட்டினால் விசயம் அதோட முடிஞ்சுது, கட்டிப்போட்டு அப்பீல் பண்ணுறது சரிவராது.

எனக்கு வந்தது ஃப்ளை டிப்பிங் எண்டு, செக்ஷன் 33. அதையும் ட்ரைபியூனலுக்குக் கொண்டுபோகலாமா?

இல்லை, இதுக்கு ட்ரைபியூனல் வழி இல்லை. இந்த ஃபிக்ஸ்ட் பெனல்டி நோட்டிஸ் எண்டது "இந்தக் காசைக் கட்டினால் உங்களைக் கோட்டுக்குக் கொண்டுபோகமாட்டம்" எண்டு கவுன்சில் தாற ஒரு வாய்ப்பு. கட்டாட்டி மஜிஸ்ட்ரேட் கோட்டில வழக்குப் போடலாம், அங்க குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டியது கவுன்சில். நிரூபிச்சால் தண்டம் பெரிசு, அதோட கிரிமினல் ரெக்கோட்டும் வரும். அதனால இதைச் சும்மா விட்டுப் பாப்பம் எண்டு மட்டும் இருக்காதேங்கோ.

அனேகமான கவுன்சில் சட்டத்தில இல்லாட்டியும் தாங்களா எழுத்தில முறையீடு எடுக்கும், கடிதத்தில எங்க எழுதுறது எண்டு இருக்கும். அதில எழுதவேண்டியது ரெண்டு. ஒண்டு, பையில என்ர பேரில கடிதம் இருந்தது எண்டால் அது என்ர குப்பை எண்டு மட்டும்தான் காட்டும், அதை அந்த இடத்தில ஆர் எப்ப போட்டது எண்டு காட்டாது. ரெண்டாவது, என்ர பின் நிரம்பி இருந்தது, எடுக்கிற நாளில என்ர வீட்டு வாசலில என்ர பின்னுக்குப் பக்கத்தில வச்சனான், இதுக்கெண்டே பாராளுமன்றம் 46A இல வார்னிங்கோட தொடங்கிற ஒரு முறையைத் தந்திருக்கேக்க ஏன் நேரா செக்ஷன் 33 க்குப் போனனீங்கள் எண்டு கேக்கிறது. என்ர அபிப்பிராயத்தில வீட்டு வாசலில பின்னுக்குப் பக்கத்தில வச்ச ஒரு பைக்கு ஃப்ளை டிப்பிங் போடுறது அநியாயம், அதை மரியாதையா ஆனால் உறுதியா எழுதவேணும்.

இன்டர்வியூ அண்டர் கோஷன், அதாவது குற்றம் சம்பந்தமா முறையா எச்சரிச்சுப்போட்டு விசாரிக்கிறது, எண்டு கூப்பிட்டிருந்தால் நீங்களாப் போய்க் கதைக்காதேங்கோ, அங்க சொல்லுறது எல்லாம் கோட்டில சாட்சி. முதல்ல சிற்றிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஒரு சொலிசிற்றரிட்ட கேளுங்கோ.

ஒரு வீட்டில அஞ்சாறு பேர் ரூம் எடுத்து இருக்கிறம். ஃபைன் என்ர பேரில வந்திருக்கு.

இது எங்கட பெடியளுக்கும் ஸ்டூடன்ட்ஸுக்கும் கூட வாற பிரச்சினை. பில் ஆரின்ர பேரில இருக்குதோ அவருக்குக் கடிதம் வரும். நீங்கள் பின்னைப் பொறுப்பெடுக்கிற ஆள் இல்லை, செக்ஷன் 46 நோட்டிஸ் உங்களுக்குத் தரேல்லை, வார்னிங் உங்களுக்குத் தரேல்லை எண்டால் அதை எழுதுங்கோ. வீட்டுக்காரர் போதுமான பின் தராமல் ரூம் ரூமா வாடகைக்கு விட்டிருந்தால் அதையும் எழுதுங்கோ, அப்பிடியான வீடுகளுக்கு லைசென்ஸ் இருந்தால் குப்பைக்கு ஒழுங்கு செய்யிறது அவரின்ர கடமைக்குள்ள வரும். மற்றவையைக் காட்டிக்குடுக்கிறதா எண்டு யோசிச்சுக் கொண்டு தாங்களே கட்டுற பெடியளையும் தெரியும். ஆரையும் காட்டிக்குடுக்கத் தேவையில்லை, "இதை நான் செய்ததுக்கு உங்களிட்ட என்ன ஆதாரம்" எண்டு கேட்டால் காணும்.

அம்மா தனிய இருக்கிறா, முழங்கால் ஏலாது, பின்னை இழுக்கேலாது.

கவுன்சிலில அசிஸ்டட் கலெக்ஷன் எண்டு இருக்கு, வாசலுக்கு வந்து எடுத்து, திரும்பக் கொண்டுவந்து வைப்பினம், காசு இல்லை. உடனே விண்ணப்பியுங்கோ. ஃபைன் ஏற்கனவே வந்திருந்தால் டொக்டரின்ர கடிதத்தோட தக்க காரணம் எண்டு எழுதி, 2010 ஆம் ஆண்டு ஈக்குவலிற்றி அக்டின்ர கீழ வலதுகுறைஞ்ச ஆளுக்கு ஏத்த மாற்றம் செய்யவேண்டிய கடமை கவுன்சிலுக்கு இருக்கு எண்டும் சேருங்கோ.

எங்களுக்குத் தந்த பின் குடும்பத்துக்குக் காணாது. அந்த விதியையே எதிர்க்கலாமா?

எதிர்க்கலாம், ஆனால் அது ஃபைன் வரமுந்தி செய்யவேண்டியது. செக்ஷன் 46 நோட்டிஸ் வந்து 21 நாளுக்குள்ள மஜிஸ்ட்ரேட் கோட்டுக்கு அப்பீல் போகலாம், அந்த விதி நியாயமில்லை அல்லது கவுன்சில் கேக்கிற புதுப் பின் தேவையில்லை, இப்ப இருக்கிற பின்னே காணும் எண்ட காரணத்தில. நடைமுறையில கோட்டுக்குப் போறதை விட, வீட்டில எத்தினை பேர், நப்பி பாவிக்கிற குழந்தை இருக்கா எண்டு சொல்லிப் பெரிய பின் கேக்கிறது கெதியா முடியும். கேட்ட ஈமெயிலை வச்சிருங்கோ.

2026 மார்ச் 31 இல இருந்து இங்கிலாந்து முழுக்க சாப்பாட்டுக் கழிவு கிழமைக்கு ஒருக்கா தனிய, கடதாசி மட்டை தனிய, பிளாஸ்டிக் கண்ணாடி தகரம் சேத்து, மிச்சக் குப்பை வேறயா எண்டு நாலு வகையா எடுக்கிறதுதான் அரசாங்கம் வச்ச பொது ஒழுங்கு. புது பின்னோட வாற கடிதத்தைக் கவனமா வாசிச்சு வையுங்கோ, அதுக்குள்ள புது செக்ஷன் 46 நோட்டிசும் இருக்கலாம். அரிசி வாற பின்னல் சாக்கை ரிசைக்கிளிங்கில போடலாமா எண்டு கனபேர் கேக்கினம், உங்கட கவுன்சில் வெப்சைட்டில பாத்துப்போட்டுப் போடுங்கோ, இடத்துக்கிடம் மாறும்.

லண்டனுக்கும் இதே சட்டமா?

லண்டன் கவுன்சிலுகளுக்கு லண்டனுக்கெண்டு 2007 இல வந்த லண்டன் லோக்கல் ஓதோரிட்டீஸ் அக்டும் இருக்கு. அதில இதை பெனல்டி சார்ஜ் எண்டு சொல்லுவினம். அந்தச் சட்டத்தையும் 2015 இல திருத்தி, முதல்ல எழுத்தில வார்னிங், பிறகுதான் காசு எண்ட ஒழுங்குக்குக் கொண்டுவந்தவை. ஹரோவிலயோ ஈஸ்ட் ஹாமிலயோ இருக்கிற ஆக்கள் கடிதத்தில எந்தச் சட்டம் போட்டிருக்கு, அப்பீலுக்கு எந்த விலாசம் போட்டிருக்கு எண்டு பாத்து அதின்படி போங்கோ.

கட்டாமலே விட்டால்? விசா, சிற்றிசன்ஷிப் பாதிக்குமா?

46A பெனல்டி சிவில் கடன், கவுன்சில் கோட்டுக்குள்ளால அறவிடலாம், செலவு கூடும். அது கிரிமினல் ரெக்கோட் இல்லை. செக்ஷன் 33 இல வழக்காகி குற்றவாளி எண்டு தீர்ந்தால் அது வேற, அதை விண்ணப்பத்தில சொல்லியே ஆகவேணும். சந்தேகம் இருந்தால் ஃபோமை நிரப்பமுந்தி இமிகிரேஷன் அட்வைசரிட்ட கேளுங்கோ.

கவுன்சிலைப் பற்றி ஒம்புட்ஸ்மனிட்ட போகலாமா?

ஒம்புட்ஸ்மன் எண்டது கவுன்சிலுகளைப் பற்றின முறைப்பாட்டை விசாரிக்கிற தனி ஆள். ட்ரைபியூனலுக்குப் போகக்கூடிய ஃபைனை அவர் பெரும்பாலும் எடுக்கமாட்டார். ஆனால் லொறி திரும்பத் திரும்ப வராதது, அசிஸ்டட் கலெக்ஷனை ஒழுங்கா செய்யாதது, கடிதத்துக்குப் பதிலே தராதது இதெல்லாம் எடுக்கலாம். முதல்ல கவுன்சிலின்ர கொம்ப்ளெயின்ட் முறையை முடிச்சுப்போட்டு, பிரச்சினை தெரிய வந்து 12 மாதத்துக்குள்ள போகவேணும்.

வானில வந்த ஆளிட்ட பழைய மெத்தையைக் காசு குடுத்துக் குடுத்தனாங்கள், அது எங்கயோ கொட்டி எங்களுக்குக் கடிதம் வந்திருக்கு.

குப்பையை அனுமதி இருக்கிற ஆளிட்ட குடுக்கிறது வீட்டுக்காரரின்ர கடமை, தவறினால் 600 பவுண் வரைக்கும் பெனல்டி. ஆளின்ர பேர், வான் நம்பர், காசு குடுத்த பாங்க் பதிவு, மெசேஜ் எல்லாத்தையும் கவுன்சிலுக்குக் குடுங்கோ, நீங்கள் விசாரிச்சுத்தான் குடுத்தனீங்கள் எண்டு காட்டக்கூடியது எதுவும் உதவும். இனிமேல் குடுக்கமுந்தி வேஸ்ட் கரியர் லைசென்ஸ் நம்பரைக் கேட்டு என்விரோன்மென்ட் ஏஜென்சியின்ர வெப்சைட்டில தேடிப் பாருங்கோ, அது எல்லாரும் பாக்கக்கூடிய பதிவு.

எனக்கு இங்கிலிஷ் எழுத வராது. தமிழில எழுதலாமா?

ட்ரைபியூனல் விசாரணை எண்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், அதுக்கு நீங்கள் காசு குடுக்கத் தேவையில்லை, ஆனால் அப்பீல் ஃபோமிலயே கேட்டுவையுங்கோ, கடைசி நேரத்தில கேட்டால் திகதி தள்ளிப்போகும். கவுன்சிலுக்கு எழுதுற கடிதத்தை இங்கிலிஷில ஆரையும் கொண்டு எழுதுவியுங்கோ. பிள்ளையள் எழுதித் தந்தால் கையெழுத்து வைக்கமுந்தி தமிழில ஒருக்கா வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ, "சொறி, இனிச் செய்யமாட்டம்" எண்டு ஒரு வரி அதுக்குள்ள இருந்தால், செய்யாத விசயத்தையும் நீங்கள் ஒத்துக்கொண்ட மாதிரித்தான் கவுன்சில் எடுக்கும்.